0.04 சதவீத வாயு பூமியின் வெப்பத்தை எப்படி மறிக்கிறது?

கேள்வி இது: காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.04 சதவீதம். நீராவி அதைவிடப் பல மடங்கு. போதாததற்கு, கார்பன் டை ஆக்சைடு உறிஞ்ச வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே உறிஞ்சி முடித்துவிட்டது என்கிறார்கள். அப்படியானால் இன்னும் கொஞ்சம் கூடினால் பூமி எப்படிச் சூடாகும்?

இதில் மூன்று சந்தேகங்கள் சேர்ந்து கிடக்கின்றன. முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதுதான் உண்மையிலேயே நல்ல கேள்வி. தேர்ந்த இயற்பியலாளர்கள் பலரையே அது 1900 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் தவறான பக்கம் நிறுத்தி வைத்திருந்தது. ஆகவே அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன். ஆனால் அங்கே போய்ச் சேர, முதலில் எந்த வெப்பத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும்.

சூடான எந்தப் பொருளும் கதிர்வீசும். எவ்வளவு சூடோ அதற்கேற்ப அலைநீளம் மாறும். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின். அதன் கதிர்வீச்சு 0.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அருகே, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் உச்சம் காணும். பூமியின் தரையும் கடலும் சராசரியாக 288 கெல்வின், அதாவது 15 டிகிரி செல்சியஸ்; அவை வீசும் கதிர் 10 மைக்ரானை ஒட்டி உச்சம் காணும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. இரண்டு கதிர்வீச்சுகளும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். 4 மைக்ரானில் ஒரு கோடு போட்டால், இந்தப் பக்கம் சூரியன், அந்தப் பக்கம் பூமி. ஒரே காற்று ஒன்றை உள்ளே விட்டு மற்றொன்றை மறிப்பது இதனால்தான் சாத்தியமாகிறது.

கணக்கையும் பார்த்துவிடலாம். சூரியனுக்கு நேராக நிற்கும் ஒரு சதுர மீட்டரில் விழுவது 1,361 வாட். பூமி உருண்டை என்பதாலும் பாதிக்கு எப்போதும் இரவு என்பதாலும் சராசரி அதில் நாலில் ஒரு பங்காகி 340 வாட் ஆகிறது. அதில் 30 சதவீதத்தை மேகமும் பனியும் பாலைவனமும் திருப்பி அனுப்பிவிடும். மீதி 240 வாட். வெப்பநிலை நிலையாக இருக்க வேண்டுமென்றால் அதே 240 வாட் விண்வெளிக்குத் திரும்பிப் போயாக வேண்டும். 240 வாட் வீசுவதற்கு ஒரு பரப்பு எவ்வளவு சூடாக இருந்தால் போதும்? 255 கெல்வின், அதாவது மைனஸ் 18 டிகிரி. ஆனால் தரையின் வெப்பநிலையோ 15 டிகிரி. அந்தச் சூட்டில் தரை வீசுவது 390 வாட்டுக்கும் மேல். கிளம்புவது 390, வெளியே போய்ச் சேர்வது 240. இடையில் காணாமல் போகும் அந்த 150 வாட்தான் நம்முடைய விஷயம்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், கிட்டத்தட்ட 1 சதவீதம் ஆர்கான். இந்த மூன்றும் சேர்ந்து 99 சதவீதத்துக்கு மேல். ஆனால் பூமியின் அகச்சிவப்புக்கு இவை இருந்தும் இல்லாததற்குச் சமம். ஒளி என்பது ஊசலாடும் மின்புலம். அதனிடமிருந்து ஆற்றலை வாங்க வேண்டுமானால் மூலக்கூறுக்குள் பாசிட்டிவ் முனை, நெகட்டிவ் முனை என்று ஏதாவது ஆட வேண்டும். நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் ஒரே மாதிரி. எவ்வளவு இழுத்து விட்டாலும், சுழற்றினாலும், மின்னூட்டம் ஒரு பக்கம் சாயாது. மின்புலத்துக்குப் பிடித்துக்கொள்ள அதில் எதுவுமில்லை. ஆக்சிஜனும் அப்படியே. ஆர்கானோ தனி அணு, அதிர்வதற்கே ஆளில்லை.

கார்பன் டை ஆக்சைடில் மூன்று அணுக்கள் நேர்கோட்டில் நிற்கின்றன: ஆக்சிஜன், நடுவில் கார்பன், மறுபுறம் ஆக்சிஜன். அசையாமல் நிற்கும்போது இதற்கும் முனைகள் கிடையாது. ஆனால் அது அசையாமல் நிற்பதில்லை. இரண்டு ஆக்சிஜன்களும் ஒரே சமயத்தில் வெளியே போய் ஒரே சமயத்தில் உள்ளே வருவது ஓர் அதிர்வு. இதில் சமச்சீர் குலையாததால் அகச்சிவப்பு இதைத் தொடாது. ஓர் ஆக்சிஜன் நெருங்க மற்றது விலக, கார்பன் இங்கும் அங்கும் தள்ளாடுவது இரண்டாவது. இது 4.3 மைக்ரானில் மிகப் பலமாக உறிஞ்சும். மூன்றாவது, நடுவிலுள்ள கார்பன் ஒரு பக்கமும் இரு ஆக்சிஜன்களும் எதிர்ப்பக்கமுமாக வளைவது. இந்த வளைவு வினாடிக்கு 20 லட்சம் கோடி தடவை நடக்கிறது. அலைநீளமாகச் சொன்னால் 15 மைக்ரான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூலக்கூறு என்ற அளவில் 4.3 மைக்ரான் பட்டைதான் அதிக வலுவானது. நோயாளியின் மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் மருத்துவக் கருவிகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் பூமியின் கதையில் அதற்கு ஏறக்குறைய வேலையே இல்லை. 15 டிகிரியில் இருக்கும் பூமி 5 மைக்ரானுக்குக் கீழே வீசுவது மொத்தத்தில் 1 சதவீதம் அளவுதான். ஆளில்லாத தெருவில் காவல் நிற்பது போன்றது அது. மாறாக 13 முதல் 17 மைக்ரான் வரையான பகுதியில் பூமி தன் மொத்தக் கதிர்வீச்சில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை அனுப்புகிறது. வளைவு அதிர்வு சரியாக அதன் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. உட்காரும் இடம்தான் இந்த வாயுவின் செல்வாக்குக்குப் பாதிக் காரணம்.

பட்டை என்று சொல்கிறோமே, அது ஒற்றைக் கோடு அல்ல. மூலக்கூறு வளையும்போதே சுழலவும் செய்கிறது. சுழற்சி ஆற்றல் படிப்படியாகத்தான் மாற முடியும் என்பதால் 15 மைக்ரானின் இருபுறமும் ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள் வரிசையாக விழுகின்றன. நடுவில் உறிஞ்சல் உக்கிரம். இருபுறமும் தள்ளிப் போகப் போக அது வேகமாகத் தணிகிறது. அந்தத் தணிந்த ஓரங்களை மறக்காதீர்கள். மூன்றாவது சந்தேகத்துக்கான விடையில் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது.

நீர் மூலக்கூறு வேறு ரகம். அதன் இரண்டு ஹைட்ரஜன்களும் 104.5 டிகிரி கோணத்தில் வளைந்து நிற்பதால் நிரந்தரமாகவே ஒரு பக்கம் பாசிட்டிவ், மறுபக்கம் நெகட்டிவ். அதிர வேண்டுமென்றுகூட இல்லை. வெறுமனே சுழன்றாலே மின்புலம் அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் 6.3 மைக்ரானில் ஒரு அதிர்வுப் பட்டை, அதோடு 17, 18 மைக்ரானில் தொடங்கி அதற்கப்பால் நீள அலைகள் முழுவதையும் மூடும் சுழற்சிப் பட்டை என்று இரண்டு பக்கமும் மடக்குகிறது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பூமியின் வெப்பத்தை அதிகமாக உறிஞ்சுவது நீராவிதான். இதை யாரும் மறைக்கவில்லை.

ஆனால் நடுவே 8 முதல் 12 மைக்ரான் வரை நீராவி ஏறத்தாழ விலகி நிற்கிறது. ஓசோன் 9.6 மைக்ரானில் ஒரு துண்டைக் கடித்துக்கொள்வதைத் தவிர, அங்கே வானம் திறந்த சாளரம். பொருளைத் தொடாமல் சூட்டை அளக்கும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரானில்தான் வேலை செய்கிறது. காற்று குறுக்கே வராத இடம் அது என்பதால் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த பகுதி. அந்தத் தெர்மாமீட்டரை மேகமில்லாத வானத்தை நோக்கிப் பிடித்தால் உறைநிலைக்கு மிகக் கீழே காட்டும். காற்றில் ஈரம் கூடினால் அளவு ஏறும். தாழ்வான மேகம் ஒன்று வந்து நின்றால் சடாரென்று ஏறும். தலைக்கு மேலே எவ்வளவு உயரத்திலிருந்து, எந்த வெப்பநிலையிலிருந்து கதிர் இறங்கி வருகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. மேகமற்ற பாலைவனம் இரவில் சில்லிட்டுப் போவதும், மேகம் மூடிய இரவு புழுங்குவதும் இதன் விளைவுகள். 15 மைக்ரான் பட்டை இந்தச் சாளரத்தின் விளிம்பில் தொடங்குகிறது. நீராவி விட்டுவைத்த இடத்தின் ஓரத்தைக் கார்பன் டை ஆக்சைடு அடைக்கிறது.

இதையெல்லாம் முதலில் கண்டவர்களைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவின் யூனிஸ் ஃபுட் 1856இல் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கார்பன் டை ஆக்சைடு இருந்த குழாய் அதிகம் சூடேறியது, ஆறவும் அதிக நேரம் எடுத்தது. காற்றில் இந்த வாயு அதிகமிருந்தால் பூமி சூடாக இருந்திருக்கும் என்று எழுதியவரும் அவரே. ஆனால் கண்ணாடியே நீள அலை அகச்சிவப்பை மறிக்கும். வெயிலின் விளைவையும் பூமியின் வெப்பத்தையும் அவருடைய சோதனையால் பிரிக்க முடியாது. அதைப் பிரித்தவர் ஜான் டிண்டால். லண்டனில் 1859இல் தொடங்கிய சோதனைகளில் அவர் குழாயின் இரு முனைகளையும் கண்ணாடிக்குப் பதில் பாறை உப்புப் பலகையால் மூடினார். உப்பு அகச்சிவப்பைத் தடையின்றி விடும். ஒரு முனையில் கொதிநீர் நிரப்பிய உலோகப் பெட்டி, மறுமுனையில் வெப்பத்தை மின்னோட்டமாக்கும் கருவி. நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் நிரப்பியபோது முள் ஏறக்குறைய அசையவில்லை. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அதை நன்றாகவே அசைத்தன.

இப்போது 0.04 சதவீதம். சதவீதம் இங்கே தவறான அளவுகோல். கதிர் மேலே போகும் வழியில் எத்தனை மூலக்கூறுகளைக் கடக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. உடன் எத்தனை செயலற்ற நைட்ரஜன் இருக்கிறது என்பது இல்லை. ஒவ்வொரு சதுர மீட்டர் தரையின் மேலும் 10 டன்னுக்கு மேல் காற்று நிற்கிறது. அதில் கார்பன் டை ஆக்சைடு மட்டும் 6 கிலோவுக்கு மேல். அதைத் தனியே பிரித்துத் தரையில் பரப்பினால், தரைமட்டக் காற்றழுத்தத்தில் 3 மீட்டருக்கு மேல் உயரமுள்ள தூய வாயு அடுக்காக நிற்கும். நீராவியின் சராசரி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோ. ஆக, எடையில் நீராவி நாலு மடங்கு, அவ்வளவுதான். 15 மைக்ரானின் மையத்தில் கிளம்பும் கதிர் தரையிலிருந்து சில மீட்டர் தாண்டுவதற்குள்ளேயே விழுங்கப்பட்டுவிடும். மையத்தைப் பொறுத்தவரை 0.04 சதவீதம் குறைவு அல்ல, மிகமிக அதிகம்.

மிக அதிகம் என்றால் மூன்றாவது சந்தேகம் சரிதானே? சில மீட்டரிலேயே எல்லாம் உறிஞ்சப்பட்டுவிடுகிறது என்றால் வாயுவை இரட்டிப்பாக்கினால் அதே வேலை பாதித் தூரத்தில் முடியும். அதனால் என்ன?

இதையேதான் 1900இல் ஸ்வீடனின் கனூட் ஆங்ஸ்ட்ரோம் கேட்டார். அதற்கு நாலு ஆண்டு முன்பு ஸ்வாந்தே அர்ரீனியஸ், கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் பூமி பல டிகிரி சூடாகும் என்று கையால் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். ஆங்ஸ்ட்ரோமின் உதவியாளர் ஒரு குழாயில் அந்த வாயுவை நிரப்பி அகச்சிவப்பைச் செலுத்தினார். வாயுவை மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் பார்த்தார். ஊடுருவும் வெப்பம் மாறியதாகவே தெரியவில்லை. உறிஞ்சல் நிறைவடைந்துவிட்டது, அர்ரீனியஸ் சொன்னது செல்லாது என்ற முடிவு நிலைத்துவிட்டது. சோதனை நன்றாகத்தான் நடந்தது. காற்று முழுவதையும் ஒரே குழாயாக, ஒரே அழுத்தமும் ஒரே வெப்பநிலையுமுள்ள ஒற்றைப் பலகையாக நினைத்ததில்தான் பிழை.

இதை விளங்கிக்கொள்ள, உறிஞ்சிய பிறகு மூலக்கூறுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். உறிஞ்சிய கதிரை அது உடனே திருப்பி உமிழ்ந்துவிடும், பாதி மேலே பாதி கீழே என்று பல படங்களில் வரைந்திருப்பார்கள். அந்தப் படம் எனக்குப் பிடிக்காது. வளைந்து அதிரும் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு, யாரும் தொந்தரவு செய்யாவிட்டால், தானாகக் கதிரை உமிழ சராசரியாக அரை வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். தரையருகே அதைப் பக்கத்து மூலக்கூறுகள் வினாடிக்குப் பல நூறு கோடி தடவை இடிக்கின்றன. ஒரு மில்லி வினாடிகூட ஆகாது. அதற்குள் அதிர்வின் ஆற்றல் ஏதோவொரு நைட்ரஜனுக்கோ ஆக்சிஜனுக்கோ கைமாறி, அதன் ஓட்ட வேகமாகிவிடும். ஓட்ட வேகம் கூடுவது என்றால் காற்று சூடாவது. கதிரை வாங்கத் தெரியாத 99 சதவீதமும் இப்படித்தான் சூட்டைப் பெறுகிறது.

இது இருவழிப் பாதை. இடிப்பதால் அதிர்வு அடங்குவது போலவே இடிப்பதால் அதிர்வு தொடங்கவும் செய்யும். 15 டிகிரியில் உள்ள காற்றில் எந்த நொடியிலும் 7 சதவீதம் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் வளைவு அதிர்வில் இருக்கின்றன. கதிர் ஏதும் வராவிட்டாலும் இருக்கும். அவற்றில் மிகச் சில, அடுத்த இடி வருவதற்குள் கதிரை உமிழ்ந்துவிடுகின்றன. ஆகவே ஒரு காற்று அடுக்கு எவ்வளவு கதிர் வீசும் என்பதைத் தீர்மானிப்பது அது எவ்வளவு உறிஞ்சியது என்பதல்ல, அதன் வெப்பநிலை. சூடான அடுக்கு அதிகம் வீசும், குளிர்ந்த அடுக்கு குறைவாக வீசும்.

மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது. சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி. இது கதிரால் வந்ததல்ல. மேலே எழும் காற்று அழுத்தம் குறைந்து விரிவதால் வருவது. காற்றும் மேலே போகப் போக மெலிகிறது. 15 மைக்ரானில் நமக்குக் கண் இருப்பதாக வைத்துக்கொண்டு விண்வெளியிலிருந்து கீழே பார்த்தால் தரை தெரியாது, அடர்ந்த மூடுபனியின் மேல்தளம் மட்டும் தெரியும். எந்த உயரத்துக்கு மேல் மீதமிருக்கும் வாயு கதிரைத் தடுக்கப் போதாதோ, அந்த உயரத்திலிருந்து வீசும் கதிர்தான் வெளியே தப்பும். அந்த உயரத்தில் என்ன குளிரோ, அந்தக் குளிருக்கேற்ற கதிர். எல்லா அலைநீளங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பூமியின் கதிர் தப்பும் உயரம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அங்கே வெப்பநிலை மைனஸ் 18. மேலே கணக்கில் வந்த அதே எண். அங்கிருந்து தரைக்கு இறங்கி வந்தால், 5 கிலோமீட்டருக்கு 6.5 வீதம், 33 டிகிரி கூடுகிறது.

வாயுவைக் கூட்டினால் இந்த மேல்தளம் உயர்கிறது. தரையருகே உறிஞ்சல் நிறைவடைந்திருந்தால் என்ன, அடையாவிட்டால் என்ன, அது கேள்வியே இல்லை. மேலே, மெலிந்த காற்றில், தப்பிக்கும் விளிம்பு எப்போதும் ஒன்று இருக்கும். வாயு கூடினால் அது இன்னும் உயரத்துக்கு, இன்னும் குளிர்ந்த காற்றுக்குத் தள்ளப்படும். குளிர்ந்த இடத்திலிருந்து வீசும் கதிர் குறைவு. உள்ளே 240 வருகிறது, வெளியே 240க்குக் குறைவாகப் போகிறது. மீதி தங்குகிறது. கடலும் தரையும் காற்றும் சேர்ந்து சூடாகி, அந்தப் புதிய உயரத்தில் மறுபடி மைனஸ் 18 வரும்வரை இது நிற்காது. பட்டையின் ஓரங்களிலோ உறிஞ்சல் தரைமட்டத்தில்கூட நிறைவடையவில்லை. வாயு கூடக் கூட பட்டை அகன்று, சாளரத்தை இன்னும் கொஞ்சம் அடைக்கிறது. ஓரங்களில் உறிஞ்சல் படிப்படியாகத் தேய்வதால் விளைவு நேர்விகிதத்தில் ஏறாது, லாகரிதத்தில் ஏறும்: 280 பிபிஎம் (பத்து லட்சத்தில் 280 பங்கு) 560 ஆனாலும் 560 பிபிஎம் 1,120 ஆனாலும் கிட்டத்தட்ட ஒரே கூடுதல். நிறைவடைதல் என்ற வாதத்தில் உள்ள உண்மை இவ்வளவுதான். அது விளைவை மெதுவாக்குகிறது, நிறுத்தவில்லை.

இரட்டிப்பாகும்போது வெளியேறும் வெப்பத்தில் ஏற்படும் குறைவு சதுர மீட்டருக்கு 4 வாட்டுக்குச் சற்று முன்பின். கதிர் தப்பும் உயரம் 150 மீட்டர் அளவுக்கு ஏறுவதற்குச் சமம் அது. வேறெதுவும் மாறாவிட்டால் தரை 1 டிகிரிக்குச் சற்று அதிகமாகச் சூடாகும். அடுக்கடுக்காகக் காற்றைப் பிரித்து, கோடு கோடாகக் கணக்குப் போட்டு இதை முதலில் நம்பகமாகக் காட்டியவர் இயற்பியலாளர் கில்பர்ட் பிளாஸ். ஆண்டு 1956. அதற்குக் கணினி தேவைப்பட்டது.

படமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு 1970இல் அனுப்பப்பட்ட நிம்பஸ் 4 செயற்கைக்கோளின் அளவீடுகளைவிட நல்லது எதுவுமில்லை. சகாராவின் மேல் பறக்கும்போது சாளரப் பகுதியில் அது கண்டது 320 கெல்வின், அதாவது பகல் வெயிலில் காய்ந்த 47 டிகிரி மணல். அப்படியே அலைநீளத்தை நகர்த்தி 15 மைக்ரானுக்கு வந்தால் வரைபடம் கிணறு போல விழுந்து 220 கெல்வின் அருகே நிற்கிறது. மைனஸ் 53 டிகிரி. ஒரே இடம், ஒரே நேரம். ஓர் அலைநீளத்தில் கொதிக்கும் தரை, மற்றொன்றில் பல கிலோமீட்டர் உயரத்துக் குளிர்காற்று. இரண்டு அளவுக்கும் இடையிலுள்ள அந்தப் பள்ளம் முழுவதும் வெளியேறாமல் போன வெப்பம். பள்ளத்தின் அடியில், சரியாக மையத்தில், ஒரு சிறு முள் மேல்நோக்கித் துருத்திக்கொண்டிருக்கும். மையத்தின் உறிஞ்சல் அவ்வளவு உக்கிரமானது என்பதால் அங்கே கதிர் தப்பும் உயரம், மேகமும் மழையும் நடக்கும் கீழ்க்காற்றுக்கு மேலே உள்ள அடுக்கு மண்டலத்துக்குள்ளேயே (ஸ்ட்ராட்டோஸ்பியர்) ஏறிவிட்டது. அங்கே ஓசோன் சூரிய ஒளியை வாங்குவதால் மேலே போகப் போகச் சூடு.

அண்டார்டிகாவின் மேல் எடுத்த வரைபடமோ தலைகீழ். பனித்தளம் தன் மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருந்ததால் 15 மைக்ரானில் பள்ளத்துக்குப் பதில் மேடு. கார்பன் டை ஆக்சைடு என்றாலே சூடு என்று மனப்பாடம் செய்தவர்களை இந்த மேடு குழப்பும். தப்பும் உயரம், அங்குள்ள வெப்பநிலை என்று யோசிப்பவர்களுக்கு அது எதிர்பார்த்ததுதான்.

குளிர்ந்த காற்று சூடான தரையை எப்படிச் சூடாக்கும், வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்கு விரோதமில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. விரோதமில்லை. தரை மேலே அனுப்புவது 390 வாட்டுக்கு மேல், வானம் கீழே அனுப்புவது 340 வாட் அளவு. நிகர ஓட்டம் சூட்டிலிருந்து குளிருக்குத்தான். ஆனால் அந்த 340 மட்டும் இல்லையென்றால் தரை வெகு சீக்கிரம் ஆறிவிடும். தரை நேரடியாக வெயிலிலிருந்து பெறுவது சராசரியாக 160 வாட்தான். வானத்திலிருந்து வருவது அதைப்போல் இரு மடங்குக்கு மேல்.

சரி, நீராவி. மொத்த வெப்ப மறிப்பில் பாதி அளவு நீராவியுடையது, கால் பங்கு மேகங்களுடையது, ஐந்தில் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடினுடையது என்பது 2010இல் காலநிலை விஞ்ஞானி கேவின் ஷ்மிட் குழுவினர் வெளியிட்ட பங்கீடு. பாதி வைத்திருப்பவரை விட்டுவிட்டு ஐந்தில் ஒன்று வைத்திருப்பவரை ஏன் குற்றம் சொல்கிறோம்? காரணம், நீராவி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அது தானே முடிவு செய்வதில்லை. காற்றின் வெப்பநிலை முடிவு செய்கிறது. அளவுக்கு மேல் போனால் மேகமாகி மழையாக இறங்கிவிடும். காற்றில் ஒரு நீர் மூலக்கூறின் சராசரி வாசம் ஒன்பது நாள் அளவுதான். கார்பன் டை ஆக்சைடு பூமியின் எந்தக் குளிரிலும் காற்றில் மழையாகவோ பனியாகவோ இறங்காது. இன்று கூட்டியதில் ஒரு பகுதி பல நூற்றாண்டு கழித்தும் காற்றிலேயே இருக்கும். காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி 7 சதவீதம் கூடும். அந்த நீராவி மேலும் வெப்பத்தை மறிக்கும். கார்பன் டை ஆக்சைடு தொடங்கிவைக்கும் ஒரு டிகிரியை நீராவி கிட்டத்தட்ட இரட்டிப்பாக்குகிறது. பனி உருகுவதும் மேகங்கள் மாறுவதும் சேர, இரட்டிப்புக்கான மொத்தச் சூடேற்றம் 3 டிகிரி அளவில் வந்து நிற்கும் என்பது இன்றைய மதிப்பீடு. கார்பன் டை ஆக்சைடை முழுக்க எடுத்துவிட்டால் இதே சங்கிலி எதிர்த்திசையில் ஓடும்: காற்று குளிரும், நீராவி மழையாகி இறங்கும், இன்னும் குளிரும்.

உயரமும் நீராவிக்குச் சாதகமாக இல்லை. அதில் பாதிக்கு மேல் முதல் 2 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஈரமான கடலோரத்தில் காற்றில் 3 சதவீதம்கூட இருக்கும் நீராவி, அடுக்கு மண்டலத்தின் வாசலில் பத்து லட்சத்தில் ஐந்துக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். வழியிலுள்ள குளிர் அதை உறையவைத்து உதிர்த்துவிடுகிறது. அங்கே கார்பன் டை ஆக்சைடு தரையில் இருந்த அதே விகிதத்தில், பத்து லட்சத்தில் நானூற்றுச் சொச்சமாக நிற்கிறது. வெப்பம் தப்பிக்கும் விளிம்பு எங்கே இருக்கிறதோ, அந்த உயரத்தில் ஆட்சி யாருடையது என்பதுதான் கணக்கு.

இது எல்லாம் கணக்கோடு நிற்கவில்லை. 1997இல் வேறொரு செயற்கைக்கோள் எடுத்த அலைவரிசைப் பதிவை 1970இன் நிம்பஸ் பதிவோடு ஜான் ஹாரீஸ் குழு ஒப்பிட்டு 2001இல் வெளியிட்டது. கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் உறிஞ்சும் அலைநீளங்களில் வெளியேறும் கதிர் குறைந்திருந்தது. தரையிலிருந்து மேல்நோக்கிப் பார்த்த அளவீடும் உண்டு. ஒக்லஹோமாவிலும் அலாஸ்காவிலும் 2000 முதல் 2010 வரை வானத்திலிருந்து இறங்கும் கதிரை அளந்ததில், வாயு 22 பிபிஎம் கூடிய அந்தக் காலத்தில் கார்பன் டை ஆக்சைடின் பட்டையில் மட்டும் சதுர மீட்டருக்கு 0.2 வாட் ஏறியிருந்தது.

எனக்கு மிகப் பிடித்த சான்று வேறு. காலநிலை விஞ்ஞானிகள் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967இல் கணினியில் ஓட்டிய மாதிரியில், வாயு கூடினால் தரை சூடாகும்போதே அடுக்கு மண்டலம் குளிரும் என்று வந்தது. அந்த உயரத்தில் காற்று சூடாவது ஓசோன் வாங்கும் வெயிலால், ஆறுவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு விண்வெளிக்கு வீசும் கதிரால். அங்கே மேலே மறிக்க ஆளில்லை. ஆகவே அந்த வாயு கூடினால் ஆறுவது வேகமாகும். சூரியன் பலம் கூடியதால்தான் பூமி சூடாகிறது என்றால் மேலும் கீழும் சேர்ந்தே சூடேறியிருக்க வேண்டும். 1979 முதல் தொடர்ந்துவரும் செயற்கைக்கோள் பதிவுகளில் கீழ்க்காற்று சூடாகியிருக்கிறது, அடுக்கு மண்டலம் குளிர்ந்திருக்கிறது. அடுக்கு மண்டலத்தின் கீழ்ப்பகுதியில் ஓசோன் அழிவுக்கும் அதில் பங்குண்டு என்பதால் அதை மட்டும் வைத்து வாதிடுவது சரியல்ல. அதன் மேல்பகுதியில், நீண்டகாலக் குளிர்வின் பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடுக்கே போகும் இடத்தில்தான், இறக்கமும் மிக அதிகம்.